லங்கா தீதிமணி

பாகீரதிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பவானிப்பூரில் அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் இது எல்லாருக்கும் தெரியும். அவள் மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டால் கடைசி பெஞ்சு வரைக்கும் மூச்சுச் சத்தம் கேட்காது. அங்கே பெண்கள் ஆசிரியையை 'தீதிமணி' என்று கூப்பிடுவார்கள். இவளுக்கு மட்டும் 'லங்கா தீதிமணி' என்று பெயர். வங்காளத்தில் லங்கா என்றால் மிளகாய். தெற்கேயிருந்து வந்தவள் என்பதற்கும் அது பொருந்திப் போயிற்று. தன் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்கிறார்கள் என்பது பாகீரதிக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்குக் கோபம் வராத சில விஷயங்களில் அந்தப் பெயரும் ஒன்று.

அவள் மாயவரத்துப் பெண். பதினாலு வயதில் நடராஜனுக்கு மனைவியாகக் கல்கத்தா வந்து இறங்கினாள். நடராஜன் கார்டன் ரீச்சில் ரயில் கம்பெனி ஆபீஸில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா. காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வங்காளிக் குடும்பத்து வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தான். முதல் குழந்தை பிறந்து தங்கவில்லை. அப்புறம் பிறக்கவும் இல்லை. அந்த வெறுமையைப் போக்குவதற்காகவோ, ஆபீஸ் சிநேகிதர்கள் தங்கள் மனைவிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தோ, நடராஜன் அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துகளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் வேகம் அவனுக்கே ஆச்சரியம். ஒரு வருஷத்தில் பின்னக் கணக்கு முடிந்து, பீஜகணிதத்துக்கு, அதாவது அல்ஜீப்ராவுக்கு, வந்துவிட்டார்கள்.

முதல் சண்டை அங்கேதான் வந்தது. அவன் சிலேட்டில் ஒரு சமன்பாடு எழுதினான். எக்ஸோடு எட்டைக் கூட்டினால் இருபது.

"எட்டை அந்தப் பக்கம் கொண்டு போ. போனா பிளஸ், மைனஸாயிடும்" என்றான்.

"ஏன் ஆகணும்?"

"அது ரூல்."

"யார் போட்ட ரூல்?"

"வெள்ளைக்காரன் போட்ட ரூல். போடேன்டி, நேரமாறது."

அவள் போடவில்லை. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். காரணம் சொல்லாத ஒரு விஷயத்தைச் செய் என்று யார் சொன்னாலும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பும். அன்றைக்கும் கிளம்பியது. சில நாள் கழித்துக் காளிகாட் பஜாரில் கத்தரிக்காய் வாங்கும்போது கடைக்காரன் நிறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு தட்டில் காயைக் கூடையோடு வைத்திருந்தான். கூடையின் கனத்துக்கு ஈடாக மற்றத் தட்டில் படிக்கல்லோடு ஒரு செங்கல் துண்டு கிடந்தது. அடுத்து வந்தவள் காயைக் கூடையில்லாமல் போடச் சொன்னாள். கடைக்காரன் கூடையை எடுத்தான். உடனே, யோசிக்காமலே, மறுதட்டிலிருந்து செங்கலையும் எடுத்துத் தரையில் வைத்தான்.

எட்டு எங்கேயும் போகவில்லை. குறியும் மாறவில்லை. இந்தப் பக்கம் எட்டை எடுத்தால் அந்தப் பக்கமும் எட்டை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வீட்டுக்கு வந்து கணவனிடம் இதைச் சொன்னபோது சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. "இதைச் சொல்றதுக்கு என்ன கேடு? ரூலாம், ரூல்!"

நடராஜன் சிரித்தான். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் பாகீரதிக்குப் பிடிக்காமல் போயிற்று. வீட்டுக்குச் சிநேகிதர்கள் வந்தால், காபி கொடுத்துவிட்டு உள்ளே போகிறவளை நிறுத்துவான். "சார், ஒரு கணக்குக் கேளுங்கோ இவளை. எதை வேணும்னாலும் கேளுங்கோ." வந்தவர்கள் கேட்பார்கள். அவள் நிலைப்படியில் நின்றபடியே விடை சொல்வாள். "பலே!" என்று தொடையைத் தட்டுவார்கள். அவள் சமையல்கட்டுக்குள் போய், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை இன்னொரு தரம் தேய்ப்பாள்.

வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினாள். பவானிப்பூர் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காளிகாட்டில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் அது பெரிய பேச்சாக இருந்தது. அடுத்த சந்தில் குடியிருந்த பாங்க் உத்தியோகஸ்தர் லக்ஷ்மிநாராயணன், "பொம்மனாட்டி டிராம்ல ஏறி உத்தியோகத்துக்குப் போறதாவது" என்று வாய்விட்டே சொன்னார். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி ஒன்றும் சொல்லவில்லை. மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வங்காளி மட்டும் கடைத்தெருவில் பேரம் பேசுகிற அளவுக்குக் கொச்சையாக வரும்.

பள்ளிக்கூடத்தில் பாகீரதி சொல்லிக்கொடுத்தது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு. எண்களுக்குப் பதில் எழுத்துகள் முதல்முதலாக வருகிற வகுப்பு. பெண்கள் இரண்டு ஏயையும் மூன்று பீயையும் கூட்டி ஐந்து ஏபி என்று எழுதுவார்கள். அவள் அடிக்க மாட்டாள். தப்பு என்றும் சொல்ல மாட்டாள். "வைத்துப் பார்" என்பாள். ஏ ஒன்று, பீ பத்து என்று வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வழியில் முப்பத்திரண்டு வரும், இன்னொரு வழியில் ஐம்பது வரும். "முப்பத்திரண்டும் ஐம்பதும் ஒன்றா? உன் அப்பாவுக்கு ஐம்பது ரூபாய் சம்பளம், முப்பத்திரண்டு கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா?" என்று அந்த இறங்கிய குரலில் கேட்பாள். அவளுடைய வங்காளி உச்சரிப்பைக் கேட்டு முதலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' கேட்பாள். பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. யாராவது 'அந்தப் பக்கம் கொண்டு போகிறேன்' என்றால் சாக்பீஸ் பறக்கும்.

அந்த வகுப்பில் சைலபாலா என்று ஒரு பெண். பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டே கணக்குப் போடுவாள். வேகம் கிடையாது. ஆனால் விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் திரும்ப வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றானால் 'மிலே கேச்சே' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். பொருந்திவிட்டது என்று அர்த்தம். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்ப்பதற்காகவே பாகீரதி அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பாள்.

ஜெர்மன் சண்டை ஆரம்பித்த வருஷம், ஜனவரி மாசம், பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் ஆண்கள். பக்கவாட்டில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் தாய்மார்கள். நடராஜன் தன் மனைவி வேலை செய்கிற இடத்தைக் காட்டுவதற்காக லக்ஷ்மிநாராயணனையும் மாமியையும் அழைத்து வந்திருந்தான். மாமி தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதல் வரிசையில் நடராஜனுடைய ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய பாபு. அவர் பள்ளிக்கூடத்தின் காரியதரிசி உபேந்திரநாத் பாபுவுக்கு மைத்துனர்.

உபேந்திரநாத் பாபு ஹைகோர்ட் வக்கீல். இனிமையாகப் பேசுவார். அன்றைக்கும் இனிமையாகத்தான் ஆரம்பித்தார். பெண் கல்வியின் மேன்மை, தாய்மையின் மகிமை எல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து பெண்களுக்குப் பீஜகணிதம் கிடையாது, அந்த நேரத்தில் தையலும் குடும்ப நிர்வாகமும் கற்றுத் தரப்படும் என்றார். ஆசிரியைகள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்த முடிவு. பாகீரதி மற்ற ஆசிரியைகளோடு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து அவளும் அப்போதுதான் கேள்விப்பட்டாள்.

"எக்ஸ், எக்ஸ் என்கிறார்கள்" என்றார் உபேந்திரநாத் பாபு, சிரித்துக்கொண்டே. "அந்த எக்ஸை மீன் குழம்பில் போட்டால் என்ன ருசியாக இருக்கும் என்று எந்தப் பெண்ணாவது சொல்லட்டும், நான் என் முடிவை மாற்றிக்கொள்கிறேன்!"

பந்தல் அதிரச் சிரித்தார்கள்.

பாகீரதி எழுந்தாள். "குழம்பைப் பற்றிக் கேட்க வேண்டாம். கணக்குக் கேளுங்கள்" என்றாள் வங்காளியில்.

உபேந்திரநாத் பாபு கையை விரித்தார். "நீங்களே கேளுங்களேன்."

அவள் சைலபாலாவைக் கூப்பிட்டாள். பரிசு வாங்குவதற்காகப் புதுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். பாகீரதி சுலபமான கணக்காகத்தான் கொடுத்தாள். மூன்று எக்ஸும் ஐந்தும் சேர்ந்தால் இருபத்தாறு. சைலபாலா இதைவிடக் கடினமானதைப் பின்னலைக் கடித்துக்கொண்டே போட்டிருக்கிறாள்.

சைலபாலா சமன்பாட்டை எழுதினாள். அதற்குக் கீழே, மூன்று எக்ஸ் முப்பத்தொன்று என்று எழுதினாள்.

அங்கேயே நின்றுவிட்டாள். முப்பத்தொன்றை மூன்றால் வகுத்தால் சரியாக வராது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது!" என்றார். மறுபடியும் சிரிப்பு. சைலபாலா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் தீதிமணியைப் பார்த்தாள். பார்த்தவுடன் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பாகீரதி கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் குரல் ஏறியது. ஏறினபோது அதில் வங்காளி வரவில்லை. தமிழ் வந்தது.

"சிரிக்கறேளா? வெக்கமா இல்லை? பன்னண்டு வயசுக் கொழந்தையை நிக்க வெச்சுண்டு மீனு, முள்ளுன்னு கேலி பண்றேளே, நீங்கள்ளாம் படிச்சவாளா? உங்காத்துப் பிள்ளை தப்பாப் போட்டா என்ன பண்றேள்? அடுத்த நாளே வீட்டுக்கு இன்னொரு வாத்தியாரை வரவழைக்கறேள். பொண்ணு தப்பாப் போட்டா பாடத்தையே எடுத்துடறேள்! தப்புப் போடறதுக்குக்கூட இவாளுக்குப் பாத்யதை இல்லையா? தப்புப் போடாம எவன்யா கணக்குக் கத்துண்டான்? இந்தப் பெரிய மனுஷர் கத்துண்டாரா? உங்க குழம்பை நீங்களே பண்ணிக் குடியுங்கோ!"

பந்தலில் சிரிப்பு நின்றது. வங்காளிகள் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. கோபம் என்பது மட்டும் புரிந்தது. உபேந்திரநாத் பாபுவின் முகம் மாறியது. அவர் முதல் வரிசையைப் பார்த்தார். பெரிய பாபு திரும்பித் தன் குமாஸ்தாவைப் பார்த்தார். "நடராஜன், உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?"

நடராஜன் எழுந்தான். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டான். நல்ல வங்காளியில், நிதானமாகச் சொன்னான். "பெண் விடை சொல்லாதது தன்னுடைய குறைதான் என்கிறாள். தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிறாள். சபை மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள்."

பாகீரதி அதைக் கேட்டாள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் உபேந்திரநாத் பாபு, "அடடா, இதற்கெல்லாம் மன்னிப்பு எதற்கு!" என்று பெருந்தன்மையோடு கைதட்டினார். சபையும் தட்டியது. யாரோ ஹார்மோனியத்தை ஆரம்பித்தார்கள். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அவள் வங்காளியில் சொன்னது பக்கத்திலிருந்த தையல் ஆசிரியைக்கு மட்டும்தான் கேட்டது. அந்த அம்மாள் பயந்துபோய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தின பிறகு பாகீரதி கேட்டாள். குரல் மறுபடி இறங்கிவிட்டது.

"நான் மன்னிப்பா கேட்டேன்?"

"பெரிய பாபு முன்னாடி ஒக்காந்திருக்கார். நீ சொன்னதை அப்படியே நான் சொல்லியிருந்தா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சோறு இல்லை. யோசிச்சுப் பாரு."

"புரியலைன்னு சொல்லியிருக்கலாமே. வாயை மூடிண்டு நின்னிருக்கலாமே."

"உன்னைக் காப்பாத்தினேன்டி!"

"நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிச்சிருந்தா நான் பொறுத்துண்டிருப்பேன். நான் சொல்லாததை என் வாயிலே போட்டேளே. அதுக்குக் கை வேற தட்டினா. என் தப்பு ஒண்ணே ஒண்ணு. தமிழ்ல கத்தியிருக்கக் கூடாது."

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நேராக உபேந்திரநாத் பாபுவின் வீட்டுக்குப் போனாள். வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த முன்னறையில், நின்றுகொண்டே, முந்தின நாள் தான் சொன்னதை வங்காளியில் சொன்னாள். வரிசை மாறாமல், குழம்பு வரைக்கும் சொன்னாள். "என் கணவர் சொன்னது அவருடைய மன்னிப்பு. என்னுடையது இல்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தேன்" என்று முடித்தாள்.

உபேந்திரநாத் பாபு அவளை உட்காரச் சொல்லவில்லை. "இனி நீங்கள் சிரமப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டியதில்லை" என்றார், அதே இனிமையோடு.

வேலை போனது அவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் நாள் முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது கோபம் ஒவ்வொருவர் மேலாகத் தாவியது. உபேந்திரநாத் பாபு, முள் என்று கேலி செய்தவன், நடராஜன். கடைசியில் சைலபாலா மேலும் போயிற்று. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தது! இந்தப் பக்கம் ஐந்தை எடுத்தால் அந்தப் பக்கமும் ஐந்தை எடு. அந்தப் பெண் எடுக்காமல் கூட்டியிருக்கிறாள். ஏன் கூட்டினாய் என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஒரு மத்தியானம் கிளம்பி சைலபாலாவின் வீட்டுக்குப் போனாள்.

சைலபாலாவின் தாய் அவளை உள்கட்டுக்கு அழைத்துப் போனாள். பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள். வகுப்பில் பார்த்ததைவிடச் சிறியவளாகத் தெரிந்தாள்.

"ஏன் கூட்டினாய்?" என்று பாகீரதி கேட்டாள்.

சைலபாலா பின்னல் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "விழாவுக்கு முன்னால் அண்ணா சொன்னான், அந்தப் பக்கம் கொண்டு போனால் சீக்கிரம் முடியும் என்று. அங்கே நின்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. குறி மாறுமா மாறாதா என்பது மறந்துபோயிற்று" என்றாள்.

"நான் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வரவில்லையா?"

"உங்களைப் பார்த்தேன் தீதிமணி. நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று பயம் வந்தது. அப்புறம் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை."

பாகீரதிக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டது யார்? எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சபைக்கு முன்னால் நிறுத்தியது யார்? தன் கணவன் தன்னை நிலைப்படியில் நிறுத்தியதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். ஒரு வித்தியாசம், அவள் பெரியவள், விடை சொல்லிவிட்டு உள்ளே போக முடிந்தது. இந்தக் குழந்தைக்கு உள்ளே போக இடம் இல்லை. அவள் சைலபாலாவின் தலையில் கை வைத்தாள். "தப்பு உன்னுடையது இல்லை. உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த உண்மையான மன்னிப்பு அது ஒன்றுதான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கிளம்பும்போது சைலபாலாவின் தாய் வாசல்வரை வந்தாள். "தப்புச் செய்கிற உரிமைகூடப் பெண்ணுக்கு இல்லையா என்று கேட்டீர்களாமே" என்றாள்.

பாகீரதி திடுக்கிட்டு நின்றாள். "யார் சொன்னது?"

"உங்கள் ஊர் அம்மாள்தான். தட்டிக்குப் பின்னால் எங்களோடு உட்கார்ந்திருந்தாரே. உங்கள் கணவர் பேசினதும், 'பொய், பொய், அவள் அப்படிச் சொல்லவில்லை' என்று எங்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். வங்காளி பாதிதான் வந்தது. ஆனால் புரிந்தது."

பாகீரதி அன்று சாயங்காலம் அனந்தலக்ஷ்மி மாமியின் வீட்டுக்குப் போனாள். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமி, அன்னிக்கு நீங்க சொன்னேளாமே?"

"சொன்னேன்" என்றாள் மாமி, தலையை நிமிர்த்தாமல். "எனக்கு எக்ஸும் தெரியாது, ஒய்யும் தெரியாது. நீ பேசினது தெரியாதா? உன் ஆத்துக்காரர் கூசாம ஒண்ணைச் சொல்றார், எங்காத்துக்காரர் பக்கத்துல ஒக்காந்துண்டு தலையை ஆட்டறார். எனக்குப் பத்திண்டு வந்தது. ஆம்பளைகள்ட்ட போய்ச் சொல்ல முடியுமா? பக்கத்துல இருந்தவாள்ட்ட சொன்னேன். பாதி வார்த்தைக்கு மேல வரலை, கையைக் காலை ஆட்டிச் சொன்னேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

முன்வரிசை மன்னிப்பைக் கேட்டுக் கைதட்டியபோது, தட்டிக்குப் பின்னால் இருந்தவர்கள் உண்மையைக் கேட்டுவிட்டிருந்தார்கள். சில நாளில் அதன் பலன் தெரிந்தது. மூன்று தாய்மார்கள் ஆள் அனுப்பினார்கள். பவானிப்பூரில் ஒரு பெரிய வீட்டின் உள்கட்டில், ஆண்கள் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் போன பிறகு, மத்தியானத்தில் வகுப்பு. வீட்டுக்காரர் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார். முதலில் ஐந்து பெண்கள். பிறகு ஒன்பது. ஓரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள் ஒருத்தி, ஒரு நாள் தானும் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சைலபாலா அதில் இல்லை. சித்திரையில் அவளுக்குக் கிருஷ்ணநகரில் கல்யாணம் செய்துவிட்டார்கள். மேடையில் நின்று பேர் கெட்டுவிட்டது, இனித் தாமதித்தால் வரன் கிடைக்காது என்று தகப்பன் பயந்தாராம். பாகீரதிக்கு அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. அன்று முழுவதும் சாப்பிடாமல், மாடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். நடராஜன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் தடவை வந்து, "உனக்கு என்மேல இன்னும் கோபம் போகலையா?" என்றான்.

"போகலை."

"எப்பப் போகும்?"

"தெரியாது. போகாமலும் இருக்கலாம். அதுக்காகச் சமைக்காம இருக்கப்போறதில்லை. ஆனா இனிமே நாலு பேர் நடுவிலே எனக்குப் பதிலா நீங்க பேசக் கூடாது."

அவன் சரி என்றான். அந்த வார்த்தையைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். சிநேகிதர்கள் வந்தால் அவளை நிலைப்படியில் நிறுத்துவதும் நின்றுபோயிற்று. வெளியே பார்க்கிறவர்களுக்கு அவர்கள் நல்ல தம்பதிகளாகவே இருந்தார்கள். பொய் இல்லை, அப்படியும் இருந்தார்கள்தான்.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் உபேந்திரநாத் பாபுவே காளிகாட் சந்தைத் தேடிக்கொண்டு வந்தார். குறுகலான மாடிப்படி ஏறி மூச்சிரைக்க உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் மறுபடி பீஜகணிதம் ஆரம்பிக்கப்போகிறார்களாம். சொல்லிக்கொடுக்க ஆள் சரியாக அமையவில்லையாம்.

"ஏன் இந்த மாறுதல்?" என்று பாகீரதி கேட்டாள்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "காலம் மாறிவிட்டது. நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பையன்கள் மெட்ரிகுலேஷன் தேறின பெண்தான் வேண்டும் என்கிறார்கள். என் பெண்ணுக்கே இரண்டு வரன் தட்டிப் போயிற்று. தாய்மார்களும் விடாமல் கேட்கிறார்கள்."

பாகீரதிக்கு அந்தச் சூடு கிளம்பியது. ஆக, பெண்ணுக்குப் புத்தி இருக்கிறது என்பதற்காக இல்லை. மாப்பிள்ளை கேட்கிறான் என்பதற்காக. முதலில் அவனுக்குக் குழம்பு வேண்டியிருந்தது, இப்போது குழம்போடு எக்ஸும் வேண்டியிருக்கிறது. வெளியே போங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. உள்ளறையில் நடராஜன் இருந்தான். அவன் வெளியே வரவில்லை.

மத்தியான வகுப்பு நடக்கிற உள்கட்டில் ஒன்பது பேர்தான் உட்கார முடியும். பள்ளிக்கூடத்தில் நூறு பேர்.

"உங்கள் காரணம் கேவலமான காரணம்" என்றாள் மெல்ல. "ஆனால் வருகிறேன். பெண்களுக்காக வருகிறேன். ஒரு நிபந்தனை. எந்தப் பெண்ணையும் வெளியார் யார் முன்னாலும் நிறுத்திக் கணக்குக் கேட்கக் கூடாது. நீங்களும் கூடாது, நானும் கூடாது. என் வகுப்பு நடக்கும்போது வெளி மனிதர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது."

"அதற்கென்ன" என்றார் அவர்.

திரும்பிப் போன முதல் வாரத்தில் ஒரு பெண் கரும்பலகையில் வரியைத் தப்பாக எழுதிவிட்டுத் திரும்பித் தீதிமணியின் முகத்தைப் பார்த்தாள். பாகீரதியின் கை சாக்பீஸைத் தேடியது. எடுக்கவில்லை. போய் அந்தப் பெண்ணுடைய பெஞ்சில், அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். "என்னைப் பார்க்காதே. கணக்கைப் பார். வைத்துப் பார், பொருந்துகிறதா என்று நீயே சொல்" என்றாள். பெண் திரும்பிக்கொண்டாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

அந்தச் சமயத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உபேந்திரநாத் பாபு சில்க் சால்வை போர்த்திய ஒரு பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுக்க வந்தவர்.

"இதுதான் எங்கள் பீஜகணித வகுப்பு. ஒரே ஒரு பெண்ணை ஒரு சின்னக் கேள்வி…" என்று ஆரம்பித்தார்.

பாகீரதி பெஞ்சிலிருந்து எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.